கோடு மாறினால் கணக்கு மாறும்

குமாஸ்தா உத்தியோகத்தில் காலம் தள்ளியவனுக்கு ஒரு பழக்கம் விட்டுப்போவதில்லை. ஒரு சதவீதத்தைப் பார்த்தால் 'எந்த மொத்தத்தில்?' என்று கேட்கத் தோன்றும். எந்த மொழிக்காரர் எங்கே எத்தனை பேர் என்ற கணக்குக்கு அந்தக் கேள்விதான் உயிர்.

நான் பிரெஞ்சு வழியில் படித்ததால் புதுச்சேரியிலிருந்தே தொடங்குகிறேன். மொத்தத்தில் அது தமிழ்ப் பிரதேசம். ஆனால் அதன் நான்கு பகுதிகளில் மாஹே மலையாளம் பேசுகிறது, ஏனாம் தெலுங்கு பேசுகிறது. மொத்தக் கணக்கில் தெலுங்கு சிறுபான்மை. ஏனாமுக்குள் அதுவே ஊர்மொழி.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 42 லட்சம் பேர். நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆறு பேர் எல்லா ஊரிலும் சமமாக இல்லை. ஓசூர், திருத்தணிப் பக்கம் தெலுங்கு அதிகம். வாணியம்பாடி, ஆம்பூரில் உருது, தாளவாடி மலையில் கன்னடம், மதுரையில் சௌராஷ்டிரம்.

கோடு நகர்ந்தாலும் கணக்கு மாறிவிடும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் பக்கம் வந்தது; சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. வீட்டை விட்டு நகராமலே பெரும்பான்மையர் சிறுபான்மையர் ஆனார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1848 உடன்படிக்கையில் மெக்சிகோவின் பெரும் நிலப்பரப்பு கைமாறியபோது, அங்கிருந்த ஸ்பானிய மொழிக்காரர்கள் இருந்த இடத்திலேயே வேறு நாட்டவர் ஆனார்கள். இன்றும் டெக்சாஸின் எல்லையோர மாவட்டமான ஸ்டாரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வழியினர்.

எங்கள் மணலியைப் பாருங்கள். முன்பு செங்கற்பட்டு மாவட்டம், 1997இல் திருவள்ளூர், 2011இல் சென்னை மாநகராட்சி, 2018இல் சென்னை மாவட்டம். இங்கே ஒரு தெலுங்குக் குடும்பம் அதே தெருவில் இருந்துகொண்டே மூன்று மாவட்டங்களின் கணக்கில் ஏறியிருக்கும்.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. மத்திய அரசின் 1956 குறிப்பாணைப்படி, ஓர் உள்ளூர்ப் பகுதியில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது ஒரு மொழிக்காரராக இருந்தால் முக்கிய அறிவிப்புகள் அவர்கள் மொழியிலும் வர வேண்டும். எல்லையை அகலப் போட்டால் பதினைந்து பத்தாகிவிடும். ஆள் குறையவில்லை, அறிவிப்பு போய்விடும்.

பள்ளிக்கு 1949இல் வகுத்த விதி வேறு மாதிரி. வகுப்பில் பத்துப் பிள்ளைகள் அல்லது பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இருந்தால், தாய்மொழியில் சொல்லித்தர ஆசிரியர் வேண்டும். அதில் சதவீதம் கிடையாது; தலையை எண்ணினால் போதும். இரண்டு விதிகளில் எனக்கு இதுதான் பிடித்தது. மாவட்டக் கோடு எங்கே ஓடினாலும் பத்துப் பிள்ளைகள் பத்துப் பிள்ளைகள்தானே!