வேதம் நூலா, நெறியா? தரங்கம்பாடி விவிலியமும் வீரமாமுனிவரின் மறுப்பு நூல்களும்

ஆய்வுச் சுருக்கம்

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தரங்கம்பாடி லுத்தரன் சபையாருக்கும் மதுரை மறைப்பணித்தள இயேசு சபையாருக்கும் இடையே மெய்ப் போதனை எது, பொய்ப் போதனை எது என்னும் விவாதம் தமிழிலேயே நடந்தது. இரு தரப்பும் வேதத்தையே அளவுகோலாகக் காட்டின. எனினும் ‘வேதம்’ என்னும் சொல்லை இரு தரப்பும் ஒரே பொருளில் ஆளவில்லை. அப்பொருள் வேறுபாடே விவாதத்தின் அச்சாக நின்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சீகன்பால்கு, வீரமாமுனிவர், வேதவிளக்கம், அஞ்சு வேத பொஸ்தகம், மறுப்பிலக்கியம், பதிதம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ உரைநடை வரலாற்றில் வீரமாமுனிவரின் ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகிய மூன்றும் பெரும்பாலும் உரைநடை வளர்ச்சிக்குச் சான்றுகளாகவே எடுத்துக்காட்டப்படுகின்றன. அவற்றின் உள்ளடக்கம் சமயப் பூசல் என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. இவ்வொதுக்கம் ஒருவகை நாகரிகம் எனினும் ஆய்வுக்கு இழப்பே. ஒரு போதனை மெய்யா பொய்யா என்பதை யார், எந்த நூலைக் கொண்டு, எந்தத் தமிழில் தீர்மானிப்பது என்னும் வினா அந்நூல்களின் உயிர்நாடி.

ஐரோப்பியப் பின்புலம்

இவ்விவாதத்தின் வேர் ஐரோப்பாவில் உள்ளது. 1546ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தின் நான்காம் அமர்வு, எழுதப்பட்ட நூல்களையும் திருத்தூதர் வழிவந்த மரபையும் ஒத்த மதிப்புடன் ஏற்க வேண்டும் என வகுத்தது. இலத்தீன் வுல்காத்தா பெயர்ப்பை அதிகாரம் உடையதாக அறிவித்தது. திருச்சபை கொண்டுள்ள பொருளுக்கு மாறாக எவரும் தம் விருப்பப்படி வேதத்துக்குப் பொருள் கூறலாகாது என்றும் விதித்தது. லுத்தரன் தரப்போ 1577இல் உருவான இசைவுக் கோட்பாட்டு ஆவணத்தில், போதனைகளையும் போதகர்களையும் சோதிப்பதற்குரிய ஒரே விதி வேதநூலே என உறுதிசெய்தது. அவ்வாறு உறுதிசெய்வதற்கே ஓர் ஆவணம் வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது. 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் லுத்தரின் சிறிய ஞானோபதேசமும் இன்றி லுத்தரன் ஒருவர் வேதத்தை வாசித்ததில்லை.

அஞ்சு வேத பொஸ்தகம்

டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பெற்ற பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்கு 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1714இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் ‘அஞ்சு வேத பொஸ்தகம்’ என்னும் பெயரில் அச்சாயின. முழுப் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. 1719 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது பழைய ஏற்பாடு ரூத்து ஆகமம் வரையே தமிழாகியிருந்தது. எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ச் முடித்தார்.

இம்மொழிபெயர்ப்பின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதில் ஒரு முரண் உண்டு. கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு ஆண்ட ‘சருவேசுரன்’, இராபர்ட் தெ நொபிலியின் காலம் தொட்டுக் கத்தோலிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல். அதற்கு முன் அன்றிக் அடிகளார் ‘தம்பிரான்’ என்றே எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அதற்குச் சான்று. தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்குச் சீகன்பால்கு 1708இல் வகுத்த பட்டியலில் கத்தோலிக்க நூல்களும் இடம்பெறுகின்றன. அவற்றிலிருந்து கிறித்தவச் சொற்களைக் கற்று, பிழையெனத் தமக்குப் பட்ட போதனைகளை நீக்கிப் பயன்படுத்திக்கொண்டார். பொய்ப் போதனை என்று எதனை அளக்க முனைந்தாரோ அதனிடமிருந்தே அளவுகோலுக்குரிய சொற்களையும் பெற்றார். இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் புழங்கிய சமயச் சொற்களை விலக்கிவிட்டு அவர் எழுதியிருந்தால் எவருக்கும் விளங்கியிராது.

‘வேதம்’ என்னும் சொல்

கத்தோலிக்கத் தமிழில் ‘வேதம்’ என்பது முதன்மையாக நூலைக் குறிக்கவில்லை. சமய நெறியைக் குறித்தது. ‘சத்திய வேதம்’ என்பது மெய்யான மதம். ‘வேதத்தில் சேர்தல்’ என்பது திருமுழுக்குப் பெறுதல். ‘வேதசாட்சி’ நெறிக்காக உயிர் ஈந்தவர். ‘வேதியர்’ உபதேசியார், அவர்களுக்காகவே வீரமாமுனிவர் 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ இயற்றினார். தென்மாவட்டங்களில் கிறித்தவரை ‘வேதக்காரர்’ என்றும் தேவாலயத்தை ‘வேதக்கோயில்’ என்றும் சுட்டும் வழக்கு இப்பொருளின் எச்சமே.

தரங்கம்பாடியினர் இச்சொல்லோடு ‘பொஸ்தகம்’ என்பதனைச் சேர்த்தனர். வேதம் கையில் எடுத்து வாசிக்கத்தக்க பொருளாயிற்று. விலைக்கு வாங்கலாம்; இரவல் தரலாம்; வீட்டுத் திண்ணையில் வைத்து ஒப்பிட்டும் பார்க்கலாம். ‘வேதத்தில் இருக்கிறதா?’ என்று லுத்தரன் உபதேசியார் கேட்கும்போது அவர் பக்கத்தைச் சுட்டுகிறார். அதே வினாவைக் கத்தோலிக்க வேதியர் கேட்டால், திருத்தூதர் முதல் இடையறாது வந்த நெறியில் உண்டா என்பது பொருள். ‘வேதவிளக்கம்’ என்னும் தலைப்பை விவிலிய உரைநூல் எனப் பொருள்கொள்ளும் இன்றைய வாசகர் ஏமாறுவார். அது நெறி விளக்கம்.

பொய்ப் போதனையைக் குறிக்கும் சொல்லும் இத்தகையதே. கத்தோலிக்கத் தமிழ் மாற்றுக் கொள்கையரைப் ‘பதிதர்’ என்றது. வடமொழித் தரும நூல்களில் இச்சொல் தன் நிலையினின்று வீழ்ந்து கூட்டத்தால் விலக்கப்பட்டவனைக் குறிப்பது. ஆகவே பதிதம் என்பது வாசிப்பில் நேர்ந்த பிழை என்பதைவிட, உறவினின்று அறுபட்ட நிலை என்னும் பொருளையே தமிழ்ச் செவிக்குத் தந்திருக்கும். மெய்யும் பொய்யும் பிரித்தறியும் வேலை ஒரு தரப்புக்கு ஒப்பிட்டு வாசித்தல். மறுதரப்புக்கு யாருடன் நிற்கிறோம் என்று அறிதல்.

இராஜநாயக்கனின் வாசிப்பு

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. தஞ்சை அரசின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் பிறப்பால் கத்தோலிக்கர். அவர் கைக்கு வந்தது நற்செய்திகளும் நடபடிகளும் அடங்கிய தரங்கம்பாடி அச்சுப்பிரதி. அதனை வாசித்துத் தாம் கற்றவற்றோடு ஒப்பிட்டு, 1720களின் இறுதியில் தரங்கம்பாடியோடு தொடர்பு கொண்டு, பின்னர் அச்சபையின் உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் லுத்தரன் சபை வேர்விட்டதில் அவருக்கு முதன்மைப் பங்கு உண்டு.

அவர் வாசித்த தொகுதியின் அமைப்பு கருதத்தக்கது. பெரேயா ஊரார் பவுலின் போதனையை நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்ததைப் பாராட்டும் பகுதி, நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் உள்ளது. வேதத்தின் தீர்க்கதரிசனம் எதுவும் ஒருவரது சொந்த விளக்கத்துக்கு உரியதன்று என எச்சரிக்கும் பகுதி, பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் உள்ளது. கத்தோலிக்க மறுப்பிலக்கியம் எங்கும் பெரிதும் எடுத்தாண்டது பின்னதையே. 1714இன் தொகுதியில் முன்னது உண்டு, பின்னது இல்லை. அச்சகத்தார் இதனைத் திட்டமிட்டனர் என்பதற்கு இடமில்லை. நற்செய்திகளையும் நடபடிகளையும் முதலில் அச்சிடுவது இயல்பான வரிசையே. எனினும் தனித்து வாசிப்பவரைத் தட்டிக்கொடுக்கும் பகுதி முதலில் அச்சேறி, அவரைத் தடுக்கும் பகுதி அடுத்த ஆண்டே வந்தது.

வேதவிளக்கமும் மொழிப் பூசலும்

‘வேதவிளக்கம்’ 1728இல் எழுந்தது. படைவீரர் ஒருவர் அச்சுநூல் ஒன்றைக் கொண்டே குருமாரின் துணையின்றித் தம் மரபைச் சோதித்த காலமும் இதுவே. இவ்விரண்டுக்கும் நேர்க்காரணத் தொடர்பு கற்பிப்பது மிகையாகலாம்; ஆயின் நூலின் அவசரத்தொனிக்கு இச்சூழலைவிடச் சிறந்த விளக்கம் இல்லை. இதற்கு எதிராகத் தரங்கம்பாடித் தரப்பில் ‘திருச்சபை பேதகம்’ எழுந்தது. அதனை மறுத்து முனிவர் ‘பேதகமறுத்தல்’ எழுதினார்.

முனிவரின் எதிர்ப்பு இரு தளங்களில் இயங்குகிறது. ஒன்று கோட்பாட்டுத் தளம்: திருச்சபையின் தொடர்ச்சி, கன்னி மரியாள் வணக்கம், புனிதர், சுரூபங்கள் என அறியப்பட்ட பொருள்கள். மற்றொன்று மொழித் தளம். தரங்கம்பாடிப் பெயர்ப்பின் கொச்சைத் தமிழை அவர் கடுமையாக எள்ளுகிறார். இவ்வெள்ளலைப் புலமைச் செருக்கு எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதற்குள் ஒரு வாதம் உண்டு. தேவ வாக்கு என்று ஒரு நூலைக் காட்டுவோர் அதன் மொழியைப் பிழைபடத் தந்தால், வாசிப்பவர் ஒப்பிடுவது எதனோடு? மூலத்தோடா, மொழிபெயர்த்தவரின் தடுமாற்றத்தோடா? வேதநூலே அளவுகோல் எனில் தமிழ் வாசகர் கையிலிருப்பது அளவுகோலின் படி. படி கோணினால் அளவும் கோணும். இவ்வினாவுக்குத் தரங்கம்பாடியார் கோட்பாட்டளவில் விடை கூறியதைவிட, அடுத்தடுத்துத் திருத்திய பெயர்ப்புகளாலேயே விடை கூறினர் எனலாம்.

சுரூப வணக்கம் பற்றிய பூசலிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. கற்பனைகள் பத்தையும் எண்ணும் முறையில் லுத்தரன் சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒன்றே. சுரூபம் செய்தலாகாது என்னும் தொடரை இரண்டாம் கற்பனையாகத் தனித்து எண்ணுவது சீர்திருத்த சபையார், ஆங்கிலிக்கர் ஆகியோர் வழக்கு. லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் அத்தொடரே இல்லை. ஆகவே இரு தரப்பு ஞானோபதேசங்களை மட்டும் ஒப்பிடும் தமிழருக்கு இப்பொருளில் வேறுபாடு தோன்றாது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை நேரே வாசித்தால்தான் தோன்றும். அவ்வாகமம் அடங்கிய பழைய ஏற்பாட்டு முதற்பகுதி 1723இல் அச்சாயிற்று. வேதநூல் ஞானோபதேசத்தைக் காக்கும் அரண் மட்டுமன்று, அதனைக் கடந்தும் பேசும் என்பதைத் தரங்கம்பாடியினரின் சொந்த அச்சே காட்டிவிட்டது.

கத்தோலிக்கர் வேதத்தை மறைத்தனர் என்பது பழைய குற்றச்சாட்டு. தமிழ்ச் சூழலில் அது அரை உண்மை. கத்தோலிக்கத் தரப்பிலிருந்து புதிய ஏற்பாடு அச்சில் வர 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. ஆனால் வேதக் கதைகள் ஞானோபதேசங்களாகவும், அம்மானைகளாகவும், தேம்பாவணி போன்ற காப்பியமாகவும் மக்களிடம் சென்றன. 36 படலங்களில் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி சூசையப்பரின் வரலாற்றுக்குப் பெரிதும் சார்ந்தது, ஸ்பானியத் துறவி ஆகிர்தா மரியாளின் காட்சி நூலை. நான்கு நற்செய்திகளில் சூசையப்பரைப் பற்றி உள்ளது சில வசனங்களே. வேதநூலில் இல்லாதது பொய் என்னும் தரங்கம்பாடி அளவுகோலை முழுமையாக ஏவினால் காப்பியத்தின் பெரும்பகுதி விழுந்துவிடும். பின்னாளில் சீர்திருத்தத் திருச்சபைத் தமிழறிஞர்களும் அதனைக் கொண்டாடினர். இலக்கியத்துக்கு அந்த அளவுகோலை எவரும் ஏவவில்லை.

பகைவர் அச்சிட்ட இலக்கணம்

வேதவிளக்கம் தோன்றிய 1728ஆம் ஆண்டிலேயே வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணமும் எழுதி முடித்தார். 1738இல் அதனை அச்சிட்டவர்கள் தரங்கம்பாடியினர். போதனையில் பொய்யர் என்று தங்களைச் சாடியவரின் இலக்கணம் இன்றித் தமிழில் போதிக்க இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மறுத்து நூல் எழுதிய கையோடு அச்சும் கோத்தனர். முனிவர் தரப்புக்கு அப்போது தமிழகத்தில் அச்சகம் இல்லை. அவருடைய மறுப்பு நூல்கள் சுவடிகளாகவே உலவின. அளவுகோல் அச்சிலும் அதன் மறுப்பு ஏட்டிலும் இருந்த இச்சமமின்மை, விவாதத்தின் போக்கை எத்தனை பாதித்தது என்பது தனியே ஆராய்தற்குரியது.

நூலான வேதம்

1742இல் சென்னை வந்த யோவான் பிலிப்பு பப்ரிசியுஸ், கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் வாசித்துக் காட்டித் தம் பெயர்ப்பைத் திருத்தினார். 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கொணர்ந்த அச்சுப்பொறி வேப்பேரியில் நிறுவப்பட்டது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அங்கு வெளிவந்தது. ‘சருவேசுரன்’ போய்ப் ‘பராபரன்’ வந்தார். கத்தோலிக்கரோடு பொதுவாயிருந்த சொல் நீங்கியதும், கடவுளை அழைக்கும் பெயரே ஒருவர் எத்தரப்பினர் என்பதைக் காட்டும் அடையாளமாயிற்று.

அடுத்த பூசல் வெளியிலிருந்து வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேனியஸ் பப்ரிசியுசின் பெயர்ப்பைத் திருத்த முற்பட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அதனைக் கடுமையாக எதிர்த்தார். மிசனரிமாருக்கு அது ஒரு பெயர்ப்பு. மூலத்தோடு ஒப்பிட்டு இன்னும் செம்மையாக்கலாம். சாஸ்திரியாருக்கோ மூன்று தலைமுறை ஓதி, பாடி, சாகும் தறுவாயில் கேட்டு வந்த சொற்களே வேதம். அவற்றை மாற்றுவது போதனையை மாற்றுவது. வேதநூலே அளவுகோல் என்ற தரங்கம்பாடியின் வழித்தோன்றல், வழிவழி வந்த மரபின் பெயரால் வேதநூலின் திருத்தத்தைத் தடுத்தார். வீரமாமுனிவர் இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

1871இல் வெளிவந்த ஐக்கியப் பெயர்ப்பில் ‘தேவன்’ நிலைபெற்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் இணைந்து உருவாக்கிய பொதுமொழிபெயர்ப்பு 1995இல் வெளியானபோது அதற்கு இட்ட பெயர் ‘திருவிவிலியம்’. கடவுளுக்குக் ‘கடவுள்’ என்னும் சொல்லே ஆளப்பட்டது. தலைப்பில் ‘வேதம்’ இடம்பெறவில்லை. சீர்திருத்த சபைகள் பலவற்றின் வழிபாட்டில் ‘பரிசுத்த வேதாகமம்’ என்னும் பழைய பெயர்ப்பே இன்றும் வாசிக்கப்படுகிறது.