சங்கரன்கோவிலில் கிளம்பிய பெயர்

சங்கரன்கோவில் கடைத்தெருவில் நின்று "சங்கரலிங்கம்!" என்று உரக்கக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் இந்த ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு அடையாளம் ஒட்டிக்கொள்ளும். தறி சங்கரலிங்கம், பூக்கடை சங்கரலிங்கம், மேலத்தெரு சங்கரலிங்கம் என்று. வீட்டுக்குள் சிக்கல் வேறு விதம். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்துவிடுவார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எனவே அந்தக் காலத்தில் பெற்ற தாயே பிள்ளையை "ராசா" என்றும் "பெரியவரே" என்றும்தான் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்கு வாத்தியார் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிற வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கட்டுக்காவலோடு கைமாறி வந்த ஒரு பெயர் எங்கெங்கே போயிற்று, யார் யார் அதைச் சுமந்தார்கள் என்று எழுதிவைக்க வெகுநாளாக ஆசை.

அதன் பிறப்பிடம் ஒரு பாம்புப் புற்று. புன்னை மரங்கள் அடர்ந்த காட்டில் காவலுக்கு இருந்தவன் புற்றை வெட்டினான், உள்ளே இருந்த பாம்பின் வால் அறுந்தது, பக்கத்தில் ஒரு லிங்கம் தெரிந்தது, செய்தி கேட்ட உக்கிர பாண்டியன் கோயில் எடுத்தான் என்பது தலபுராணம். அந்த லிங்கம்தான் சங்கரலிங்க சுவாமி. இன்றைக்கும் இங்கே பெரிய பிரசாதம் புற்றுமண். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், நோய் கண்டால் உடம்பில் பூசுவார்கள், ஒரு பொட்டலம் ஊருக்கும் கொண்டுபோவார்கள்.

பெயரின் இன்னொரு கிளை ஒரு வாதத்தில் முளைத்தது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவனே பெரியவர் என்றான் சங்கன். திருமாலே என்றான் பதுமன். வழக்கு கோமதி அம்மனிடம் வந்தது. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றாள், இருவரும் ஒரே உடம்பாகக் காட்சி தந்தார்கள். ஆடி மாதம் நடக்கும் ஆடித்தபசு அந்தத் தவத்தின் திருவிழா. சங்கரநாராயணர் சந்நிதியில் நின்று பார்த்தால் வலப்பாதியில் சடையும் மழுவும், இடப்பாதியில் கிரீடமும் சங்கும் தெரியும். ஒரே சந்நிதியில் விபூதியும் கிடைக்கும், தீர்த்தமும் கிடைக்கும்.

ஒரு கோயிலுக்குள் மூன்று சந்நிதி இருந்ததால் பெயர்களும் பெருகின. சங்கரலிங்கம், சங்கரநாராயணன், சங்கரவடிவு, கோமதி, கோமதிநாயகம், கோமதிசங்கர். அம்மனுக்கு ஆவுடையம்மாள் என்றும் பெயர் உண்டு. அதிலிருந்து ஆவுடையம்மாள்களும் ஆவுடையப்பன்களும். அம்பாசமுத்திரம் தொகுதியை எடுத்துக்கொண்டால், முன்பு அங்கிருந்து சட்டமன்றம் போன காங்கிரஸ்காரர் கோமதிசங்கர தீட்சிதர். அதே தொகுதியிலிருந்து வந்து 2006 முதல் 2011 வரை பேரவைத் தலைவராக இருந்தவர் இரா. ஆவுடையப்பன். தெற்கத்திச் சீமையில் கட்சி மாறும், கொடி மாறும், பெயர் மட்டும் ஒரே புற்றிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் இந்தப் பெயர் ஒரு தொழில் ஆயிற்று. அந்த ஊர்க்காரரான எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயர், டி.எஸ். நாராயணசுவாமியோடு சேர்ந்து 1946இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1949இல் திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில், சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்திலேயே முதல் ஆலை ஓட ஆரம்பித்தது. ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் சங்கர் நகர். இன்று அது பேரூராட்சி. சங்கர் சிமெண்ட் மூட்டை வாங்காத கொத்தனார் தென்மாவட்டங்களில் அரிது. லிங்கம் பாதி கழன்று, வெறும் 'சங்கர்' ஆகி, மூட்டையில் அச்சாகி, லாரி ஏறிப்போயிற்று. கட்டி முடித்த வீட்டின் பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் சரி, சுவருக்குள்ளே இவர் பெயர் இருக்கிறது.

கழுகுமலை வழியாகக் கிழக்கே போனால் கோவில்பட்டி. அங்கே இந்தப் பெயருக்காகவே ஒரு சண்டை நடந்தது. 1922 ஜூலையில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்குப் பெற்றோர் பிரதாபசந்திரன் என்று பெயர் வைத்தார்கள். தாத்தா எல். சங்கரய்யாவுக்கு மனம் ஒப்பவில்லை. தன் பெயரைத்தான் பேரனுக்கு வைக்க வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தாராம். வீடு பணிந்தது. பிரதாபசந்திரன் சங்கரய்யா ஆனார். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராக நாடறிந்த என். சங்கரய்யா அவர்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, இறுதித் தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கையில் 1941இல் கைதானார். பட்டம் வாங்கவே இல்லை. சிறையில் கழிந்தது சுமார் எட்டு ஆண்டுகள். பேரனிடம் தன் பெயர் வந்து சேர வேண்டும் என்று தாத்தா பட்டினி கிடந்தது வீண்போகவில்லை.

ஆனால் இந்தப் பெயர் கண்ட மிகப் பெரிய பட்டினி விருதுநகரில் நடந்தது. அதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சங்கரலிங்கனார் 1895இல் பிறந்தவர். காங்கிரஸ்காரர், கதர்க்காரர், காந்தி வழியை வாழ்க்கையாக ஏற்றவர். கைப்பொருளைப் பெண்கள் பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1956 ஜூலை 27 அன்று பன்னிரண்டு கோரிக்கைகளோடு உண்ணாவிரதம் தொடங்கினார். ரயிலில் எல்லாரும் ஒரே வகுப்பில் பயணம் செய்ய வேண்டும், அரசுப் பணியில் உள்ளவர்கள் கதர் அணிய வேண்டும், நாடு முழுக்க மதுவிலக்கு வேண்டும் என்றெல்லாம் கேட்டார். அவற்றுள் நாட்டின் நினைவில் நின்றது ஒன்று: சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும். கேட்டது தன் சொந்தக் கட்சியின் ஆட்சியிடம். அப்போது முதலமைச்சராக இருந்த காமராசரும் விருதுநகர்க்காரர்.

தேசபந்து மைதானத்தில் கிடந்தவரைப் பார்க்கத் தலைவர்கள் வந்தார்கள். அண்ணா வந்தார், ஜீவா வந்தார். உண்ணாவிரதத்தை விடச் சொன்னார்கள், அவர் விடவில்லை. அறுபத்தொரு வயது உடம்பு எழுபத்தாறு நாள் தாக்குப்பிடித்தது. அதன் பிறகு மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் 13 அன்று உயிர் போயிற்று. தன் உடலைக் கம்யூனிஸ்ட் கட்சியிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார் அந்தப் பழைய காங்கிரஸ்காரர். கே.டி.கே. தங்கமணியும் ஜானகியம்மாளும் பெற்றுக்கொண்டார்கள். மதுரை தத்தனேரியில் எரியூட்டினார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலம் பிறந்தது, சென்னை மாநிலம் என்ற பழைய பெயரோடேயே.

மாநிலத்துக்கு அதன் மொழியின் பெயரைக் கேட்டு இங்கே ஒருவர் சாக வேண்டியிருந்தது. அவருடைய முழுப்பெயரை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் தடுமாறாமல் சொல்வார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விருதுநகரில் அவருக்கு மணிமண்டபம் 2015இல்தான் திறந்தார்கள்.

1967இல் ஆட்சி மாறியது. ஜூலை 18 அன்று, முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானம் பேரவையில் ஒருமனதாக நிறைவேறியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் விருதுநகர் மைதானத்தில் படுத்துக் கிடந்தவரிடம் உயிரை விடாதீர்கள் என்று கேட்டவர்தான் அதை முன்மொழிந்தார். அந்தப் பேரவையில் மதுரை மேற்குத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் என். சங்கரய்யா. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு.

இன்று சங்கரன்கோவிலிலும் பிறப்புச் சான்றிதழ்களில் பெயர் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. இரண்டெழுத்து, மூன்றெழுத்து, வடக்கத்தி ஒலி. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் பிள்ளை, அவரவர் விருப்பம். ஆனாலும் ஆடித்தபசுக் கூட்டத்தில் தோளில் குழந்தையோடு நிற்கிற ஓர் அப்பாவிடம் பெயர் கேட்டு, "எங்க ஐயா பேருதான், சங்கரலிங்கம்" என்று பதில் வந்தால், எனக்கு விருதுநகர்க்காரரின் கதையை அவரிடம் சொல்லாமல் நகர மனம் வருவதில்லை.