வில்லங்கம் பார்க்கும் கூலி

கொல்கத்தா நெடுஞ்சாலையில் சென்னையை விட்டு வடக்கே போகிறவருக்குத் தமிழ்நாட்டு எல்லைக்கு முன்னால் வரும் கடைசிப் பெரிய ஊர் ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதை நம்பி வாழும் மீனவர் குப்பங்களும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். எல்லைக்கு அப்பால் தடாவும் ஸ்ரீசிட்டியும். தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் மனை விலை ஏறியது. அதோடு ‘லீகல் பார்த்தாச்சா?’ என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டது. அதற்கு ஆகும் செலவைப் பற்றி வீடு வாங்குகிறவர்கள் முனகுவது வழக்கம்: அரசுக்குக் கொடுத்தாயிற்று, பத்திர எழுத்தருக்குக் கொடுத்தாயிற்று, வக்கீலுக்கு வேறா? முனகலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வக்கீல் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. கோட்டைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் அரசு பத்திரத்தைப் பதிகிறது; பத்திரம் சொல்லும் உரிமைக்குப் பொறுப்பேற்பதில்லை. அந்த இடைவெளியை யாராவது ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு அடைத்தே வந்திருக்கிறார். இந்தக் கரையின் கடந்த 200 ஆண்டுகளுக்கும் மேலான கதையைப் பார்த்தால் கூலி வாங்குகிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

1763-இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கல்பட்டுச் சீமையில் பொன்னேரிப் பகுதியும் அடக்கம். அங்கே நிலம் தனி ஆளின் சொத்தாக இருந்ததைவிட, ஊரின் மிராசுப் பங்காகவே பெரும்பாலும் இருந்தது. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இந்தப் பங்குகளோடு மல்லுக்கட்டினார். 1816-இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் மிராசு உரிமை பற்றித் தனியாக ஓர் ஆய்வே எழுத வேண்டியிருந்தது. பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் எடை பெற்றது. உரிமை யாருடையது என்பதை ஊரே அறிந்திருந்தது, சாட்சியும் ஊர்தான். இதைக் கூலியில்லாத பொற்காலம் என்று நினைப்பவர்கள் ஊருக்கு வெளியே குடியிருந்தவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிராசுதாரர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கேட்க வேண்டியவனுக்குச் சாட்சியின் விலை பணத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது.

கம்பெனி 1802-இல் பத்திரங்களைப் பதிய ஓர் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. விரும்பியவர் பதியலாம் என்ற அளவில்தான் அது இருந்தது. கட்டாயப் பதிவு 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அந்தச் சட்டத்தின் வாரிசான 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம்தான் இன்றும் நடக்கிறது. இந்த முறையின் அடிப்படை எளியது: இருவர் ஒரு பத்திரத்தோடு வந்து ‘எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டேன்’ என்று ஒப்புக்கொண்டால், சார்பதிவாளர் அதைப் புத்தகத்தில் ஏற்றுவார். விற்றவருக்கு விற்கும் உரிமை உண்டா என்பதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் சுமையை வாங்குகிறவர் தலையில் வைத்தது. உரிமையில் குறை இருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று அதன் 55-ஆம் பிரிவு பேசுகிறது. சொல்லாமல் ஏமாற்றினால் வழக்குப் போடலாம், பிள்ளைகள் காலத்தில் தீர்ப்பு வரலாம்.

அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு வரி உண்டு. 100 ரூபாய்க்குக் குறைந்த சொத்தைப் பத்திரமே இல்லாமல், அனுபவத்தை ஒப்படைத்தே விற்கலாம். 1882-இல் 100 ரூபாய் பெரிய தொகை. ஏரிக்கரையில் பனையோலை வேய்ந்த குடிசை அந்த விலையை எட்டியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே குப்பத்து வீடுகள் சட்டத்தை மீறிப் பதிவேட்டுக்கு வெளியே நின்றன என்று சொல்வது சரித்திரப் பிழை. சட்டமே அவற்றை வெளியே விட்டிருந்தது. அந்த 100 ரூபாய் வரம்பு இன்றுவரை உயரவில்லை. பண வீக்கம் ஒவ்வொரு குடிசையையும் சத்தமில்லாமல் வரம்புக்கு மேலே தூக்கிவிட்டது. பழக்கம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. நத்தத்திலும் புறம்போக்கிலும் உள்ள வீடுகள் இன்றும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் ‘அனுபவ பாத்தியம்’ என்று எழுதிக் கைமாறுகின்றன. ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இது புதிய ஏற்பாடுமல்ல. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ முறையில் சீட்டுக் குலுக்கி அவர்களே பிரித்துக்கொண்டார்கள். ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்தவருக்கே பங்கு. இங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் 1825-இல்தான் இடத்தை ஆங்கிலேயரிடம் விட்டார்கள். அதே டச்சு ஆட்சியைக் கண்ட யாழ்ப்பாணத்தில் கதை வேறு விதமாகப் போனது. இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல், நொத்தாரிசு முன்னால் எழுதாத காணி உறுதி செல்லாது. சட்டம் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். நம் கரையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டார்கள். கூலி கட்டாயமில்லை என்பதால் மலிவாகத் தெரிந்தது. ஆபத்துதான் முழுக்க வாங்குகிறவருடையதாயிற்று.

இந்த ஆபத்தை முதலில் குத்தகைக்கு எடுத்தவர் கர்ணம். கிராமக் கணக்கு பரம்பரையாக ஒரே வீட்டில் இருந்ததால், எந்தப் புல எண் எந்தப் பங்காளிக்குப் போனது, எந்த வாரிசு ஊரைவிட்டுப் போனார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. நிலம் வாங்குகிறவர் அவர் வீட்டுக்குப் போகாமல் வாங்கியதில்லை. வெறுங்கையோடு போனதும் இல்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவியை ஒரே அவசரச் சட்டத்தால் ஒழித்தது. பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்லதே. கணக்கேடுகள் கைமாறின, தலைக்குள் இருந்தவை கைமாறவில்லை. 1982-இல் ஆவண எழுத்தர் உரிம விதிகள் வந்தன. சார்பதிவகத்துக்கு எதிரே மேசை போட்டவர் இப்போது உரிம எண் உள்ள ஆவண எழுத்தர். அவர் எழுத்துக்குப் பொறுப்பு, நான்கெல்லைக்குப் பொறுப்பு, உரிமைக்குப் பொறுப்பல்ல. அதன் பிறகு வீட்டுக் கடன் வந்தது. வங்கி தன் பணத்தைக் காக்கத் தன் வக்கீலிடம் கருத்துரை கேட்டது. அந்தக் கூலியைக் கடன் வாங்குகிறவர் கணக்கில் எழுதியது. வீடு வாங்குகிற சாதாரண மனிதர் வக்கீலைத் தேடிப் போனது பெரும்பாலும் இப்படித்தான், வங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு.

இப்போதுதான் எல்லாம் கணினியில் வந்துவிட்டதே, வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாமே, பட்டாவும் கைபேசியிலேயே வருகிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வில்லங்கச் சான்று காட்டுவது பதிவானதை மட்டும். பதிவு செய்யாத உயிலை அது காட்டாது. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையைக் காட்டாது. மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து, அதற்கென்று எதுவும் எழுதிப் பதியாமல் வாங்கிய கடனையும் காட்டாது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு; அந்த மகள் கையெழுத்து விடுபட்ட பத்திரமும் சான்றில் சுத்தமாகவே தெரியும். பட்டாவோ வருவாய்க் கணக்கு. அதுமட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது என்று நீதிமன்றங்கள் சொல்லி அலுத்துவிட்டன.

ஆரம்பாக்கம் பக்கத்துக்கு இன்னும் இரண்டு முடிச்சு உண்டு. ஆந்திராவோடு இருந்த எல்லைத் தகராறில் பட்டாஸ்கர் தந்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாறியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. அப்படி எல்லை தாண்டிப்போன ஊரில் மனை வாங்குகிறவர் பழைய பதிவை ஒரு மாநிலத்திலும் புதிய பதிவை இன்னொரு மாநிலத்திலும் தேட வேண்டும், தெலுங்கிலும் படிக்க வேண்டும். இரண்டாவது, பறவைகள் சரணாலயம். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அறிவிப்புக்குப் பிறகு சரணாலய எல்லைக்குள் வாரிசு வழியாகவோ உயில் வழியாகவோ அன்றி வேறு எந்த வழியிலும் புதிய நில உரிமை ஏற்படாது என்கிறது. காசு கொடுத்து வாங்குவது அந்த ‘வேறு வழி’யில் சேரும். இதை எந்த வில்லங்கச் சான்றும் சொல்லாது. சொல்லத் தெரிந்த வக்கீலுக்குக் கொடுத்த கூலி வீண் போவதில்லை.

கடுமையான ஆட்சேபம் வேறொன்று. வக்கீல் மட்டும் பொறுப்பேற்கிறாரா? இல்லை. ‘எனக்குக் காட்டிய ஆவணங்களின் அடிப்படையில்’ என்று தொடங்கும் கருத்துரை அந்த வரியிலேயே தப்பிக்கும் வழியையும் வைத்திருக்கிறது. சதியில் பங்கு இருந்ததற்குச் சான்று இல்லாமல், கருத்துரை தவறாகப் போனது ஒன்றை வைத்தே வக்கீலைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2012-இல் கே. நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது நியாயமே. ஆனால் 2024 மே மாதம் அதே நீதிமன்றம், வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்றும் தீர்ப்பளித்தது. ஆக, வீடு வாங்குகிறவர் மூன்று பேருக்குப் பணம் கொடுக்கிறார். மூன்று பேரில் ஒருவரும் ‘இது உன் வீடு, நான் உத்தரவாதம்’ என்று சொல்வதில்லை. இதற்காக வக்கீலை விட்டுவிடலாம் என்பது சரியான முடிவாகாது. அவர் உத்தரவாதம் தருவதில்லை, எச்சரிக்கை தருகிறார். இப்போதைக்கு வேறு யாரும் அதைக்கூடத் தருவதில்லை.

உத்தரவாதம் தரும் அரசுகள் உலகில் இல்லாமலில்லை. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரென்ஸ் 1858-இல் கொண்டுவந்த சட்டம், பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமையாளர் என்றாக்கியது. அவர் வக்கீலல்ல, சுங்க அதிகாரியாக இருந்தவர்; கப்பல்களைப் பதியும் முறையைத்தான் நிலத்துக்குக் கொண்டுவந்தார். மலேசியாவின் 1965-ஆம் ஆண்டு நிலச் சட்டமும் அந்த வழியே. அங்கேயும் வீடு வாங்க வக்கீல் வருகிறார், ஆனால் 30 ஆண்டு மூலப் பத்திரங்களைத் துருவுவதற்காக அல்ல. இந்தியாவுக்கும் இது வேண்டும் என்று திட்டக் குழு அமைத்த டி.சி. வாத்வாவின் ஒரு நபர் குழு 1989-இலேயே எழுதிக் கொடுத்தது. ஆரம்பாக்கத்துக்கு அடுத்த மாநிலத்திலேயே சோதனையும் நடந்தது. ஆந்திராவின் நில உரிமைச் சட்டம் 2023 அக்டோபர் 31-இல் அமலுக்கு வந்தது. வக்கீல்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள். தேர்தலில் அந்தச் சட்டம் பேசுபொருளானது. 2024 ஜூலையில் புதிய சட்டமன்றம் அதை ரத்துசெய்தது. சிவில் நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஓர் அதிகாரியிடம் உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்ற வக்கீல்களுடைய வாதம் வலுவானது. தொழில் போய்விடும் என்ற கவலையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். எப்படியானாலும், உத்தரவாதம் அண்மையில் வரப்போவதில்லை.

ஆகவே இன்றைய கணக்கைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2017-இல் 1 சதவீதத்திலிருந்து 4 ஆகி, 2023-இல் 2 ஆனது. 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு இரண்டும் சேர்ந்து 2,70,000 ரூபாய். வக்கீல் கருத்துரை சில ஆயிரங்களில் அடங்கிவிடும். முனக வேண்டிய இடம் எது என்பதை இந்த இரண்டு தொகையும் சொல்லிவிடும். இவ்வளவு வாங்கும் அரசு, முதல் வீடு வாங்கும் ஏழைக்கு உரிமை ஆராயும் செலவையாவது அந்தப் பணத்திலிருந்து ஏற்க வேண்டும்.

அதுவரை ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பெண் பெயரில் வாங்க இன்னொரு காரணமும் உண்டு: 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. அந்த உதவியில் வழக்கு நடத்துவது மட்டுமல்ல, எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை சொல்வதும் அடங்கும். குப்பத்தில் வீடு வாங்கும் குடும்பங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, வீட்டுப் பெண்ணின் பெயரில் ஒரு மனு எழுதி, கையில் இருக்கும் பத்திரங்களின் நகலோடு திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும்.