கருவி மாறி மாதிரிகளுக்கான சோதனைகள்

கூடுதலாக ஓராண்டு படித்தால் ஊதியம் எவ்வளவு உயரும்? சாதாரண மீச்சிறு வர்க்க முறை இதற்குத் தவறான விடை தரக்கூடும். திறமை, குடும்ப வசதி போன்ற அளக்க முடியாத காரணிகள் படிப்பையும் ஊதியத்தையும் ஒருசேரப் பாதிப்பதே காரணம். படிப்பை மாற்றி, அதன் வழியாக மட்டுமே ஊதியத்தைத் தொடும் வேறொரு மாறி கிடைத்தால் சிக்கல் தீரும். அதையே பொருளாதார அளவையியல் கருவி மாறி என்கிறது. கருவி தகுதியானதா என்று பார்க்கச் சில சோதனைகள் உள்ளன.

அவற்றுள் முதன்மையானது, கருவி படிப்பைப் போதிய அளவு மாற்றுகிறதா என்று பார்க்கும் வலிமைச் சோதனை. 1991இல் ஜோஷ்வா ஆங்ரிஸ்டும் ஆலன் குரூகரும் அமெரிக்க ஆண்களின் பிறந்த காலாண்டைக் கருவியாக்கினர். ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் பள்ளியில் சேரும்போதே சற்று மூத்தவர்கள். கட்டாயக் கல்வி வயதைக் குறைந்த படிப்போடு கடந்துவிடுவார்கள். தரவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆனால் 1995இல் பவுண்ட், ஜேகர், பேக்கர் மூவரும் உண்மையான காலாண்டை நீக்கிவிட்டுத் தற்செயல் எண்களை இட்டபோது, பொருளற்ற அந்தக் கருவிகளும் நம்பத்தக்கவை போன்ற மதிப்பீடுகளையே தந்தன. மாதிரி எவ்வளவு பெரிதானாலும் நலிந்த கருவியின் கேட்டை அது போக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அரிது. கருவியைக் கொண்டு படிப்பை விளக்கும் முதற்கட்டச் சமன்பாட்டின் எஃப் மதிப்பு 10ஐத் தாண்ட வேண்டும் என்ற விதி, 1997இல் ஸ்டெய்கரும் ஸ்டாக்கும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அது போதாது. ஒற்றைக் கருவியில் வழக்கமான 5 விழுக்காட்டு டி-சோதனையை அப்படியே நம்ப 104.7 வேண்டும் என்று 2022இல் லீ முதலிய நால்வர் காட்டினர். 1949லேயே வந்த ஆண்டர்சன்-ரூபின் சோதனை, கருவி நலிந்திருந்தாலும் பிழைபடாது.

டர்பின்-வூ-ஹவுஸ்மன் சோதனை, கருவி முறை தேவைதானா என்று கேட்கிறது. மீச்சிறு வர்க்க மதிப்பீட்டிலிருந்து கருவி மதிப்பீடு வெகுவாக விலகினால் தேவை.

சார்கன்-ஹன்சன் சோதனைக்குத் தேவைக்கு அதிகமான கருவிகள் வேண்டும். அவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்பதையே அது பார்க்கிறது. எல்லாம் ஒரே திசையில் பிழைபட்டிருந்தால் எளிதில் தேறிவிடும். ஒற்றைக் கருவிக்கு அதுவும் இல்லை. எனவே கருவி வேறு வழியில் ஊதியத்தைத் தொடவில்லை என்பதை ஆய்வாளர்தான் வாதிட்டு நிறுவ வேண்டும். பிறந்த காலாண்டின் மீதான ஐயமும் வெளியிலிருந்தே வந்தது. குளிர்காலத்தில் குழந்தை பெறும் தாய்மாரில் பதின்வயதினரும் குறைவாகப் படித்தவர்களும் மிகுதி என்பதை, பக்கிள்ஸும் ஹங்கர்மனும் அமெரிக்கப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு 2013இல் வெளிக்கொணர்ந்தனர்.