புனேவுக்கு ரயிலைக் கொண்டுவந்த லண்டன் கம்பெனி: லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

சென்னையிலிருந்து ஹிஞ்சேவாடி ஐடி பூங்காவுக்கு வேலைக்குப் போனவரா நீங்கள்? மும்பை ரயிலில் ஏறி புனேவில் இறங்கியிருப்பீர்கள். ஹிஞ்சேவாடிக்குக் கிழக்கே, சிஞ்ச்வட் வழியாகச் செல்லும் ரயில் பாதையை அமைத்தது அரசு அல்ல. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, சுருக்கமாக ஜி.ஐ.பி. என்ற லண்டன் கம்பெனி.

எப்போது தொடங்கியது?

1849-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டம் மூலம் ஜி.ஐ.பி. உருவானது. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணே வரை 34 கி.மீ. தூரத்துக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டியது இந்தக் கம்பெனிதான். கண்டாலா - புனே பாதை 1858 ஜூனில் திறக்கப்பட்டது.

ஆனால் நடுவில் மலை. கண்டாலாவுக்குக் கீழே இருக்கும் போர் காட் மலைப்பாதை அப்போது முடியவில்லை. பயணிகள் அடிவாரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மாட்டு வண்டியிலும் மேலே ஏறி, அங்கே மறுபடி ரயில் பிடித்தார்கள்.

மலைப்பாதைக்கு என்ன விலை?

சுமார் 25 கி.மீ. பாதை. 25 சுரங்கங்கள். சில இடங்களில் 37 அடி போனால் 1 அடி ஏற்றம். 1856-ல் தொடங்கிய வேலை 1863-ல் முடிந்தது. 1861-ல் 40 ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் இங்கே இருந்தார்கள். காலரா உள்ளிட்ட நோய்களாலும் விபத்துகளாலும் சுமார் 24 ஆயிரம் பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒப்பந்ததாரர் சாலமன் ட்ரெட்வெல் 1859-ல் இந்தியா வந்த சில வாரங்களில் இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று வேலையைத் தொடர்ந்தார்.

சரி, பணம் யார் போட்டது?

பிரிட்டிஷ் முதலீட்டாளர்கள். ஆனால் அவர்களுக்கு நஷ்ட பயம் இல்லை. நிலம் இலவசம், போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 5% வருமானம் நிச்சயம். இதுதான் 'உத்தரவாத முறை'.

எளிமையாகப் பாருங்கள். ஒருவர் 100 பவுண்டு போடுகிறார். ரயில் 3 பவுண்டு சம்பாதித்தால், மீதி 2 பவுண்டை இந்திய வருவாயிலிருந்து அரசு கொடுக்கும். அதாவது, ரயிலையே பார்க்காத விவசாயியின் நிலவரியிலிருந்தும்! சென்னை ராயபுரத்திலிருந்து 1856-ல் ரயில் விட்ட மெட்ராஸ் ரயில்வேக்கும் இதே சலுகை.

விளைவு? சிக்கனமாகக் கட்ட வேண்டிய கட்டாயம் கம்பெனிகளுக்கு இல்லை. 5% உறுதியான பிறகு, தங்கள் பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் செங்கல்லாக மாற்றினாலும் முதலீட்டாளர்களுக்கு ஒன்றுதான் என்று, முன்னாள் நிதி உறுப்பினர் வில்லியம் மாசியே 1872-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சி சொன்னார்.

கம்பெனி என்ன ஆனது?

1871-ல் ராய்ச்சூரில் மெட்ராஸ் ரயில்வேயுடன் தடம் இணைந்தது. பம்பாய் - மெட்ராஸ் நேர் வழி பிறந்தது அப்படித்தான். 1900-ல் அரசு ஜி.ஐ.பி.யை வாங்கியது. ஆனாலும் ரயிலை ஓட்டும் பொறுப்பு 1925 வரை கம்பெனியிடமே இருந்தது. 1951-ல் அது மத்திய ரயில்வேயின் பகுதியானது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஹிஞ்சேவாடியையும் சிவாஜிநகரையும் இணைக்கும் சுமார் 23 கி.மீ. மெட்ரோ திட்டமும் அரசு - தனியார் கூட்டு முயற்சிதான். டாடா - சீமென்ஸ் கூட்டமைப்புக்கு 35 ஆண்டு ஒப்பந்தம். செலவை ஈடுகட்ட அரசு நிதியும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இங்கே அரசு தருவது திட்டச் செலவில் ஒரு பங்கு, அதற்கு வரம்பு உண்டு. ஜி.ஐ.பி.க்குத் தந்தது ஆண்டுதோறும் வருமான உறுதி. எவ்வளவு செலவழித்தாலும் அதற்கும் சேர்த்து 5%.

எனவே உங்கள் ஊரில் 'தனியார் முதலீட்டில் ரயில்' என்ற செய்தி வந்தால், எத்தனை கோடி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கூட்டம் வராவிட்டால் நஷ்டம் யார் கணக்கில் சேரும் என்றும் தேடிப் பாருங்கள். அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.