மைலேஜ் கருவிகளும் கரி வாயு பஸ்ஸும்

"பெட்ரோல் குழாயில் இந்தக் காந்தத்தை மாட்டினால் போதும். மைலேஜ் 30 சதவீதம் கூடும், புகையும் குறையும்!" திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ வண்டி வைத்திருக்கும் யார் காதிலும் இப்படி ஒரு விளம்பரம் விழுந்திருக்கும். காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, சொருகியதும் மினுக்கும் குட்டிப் பெட்டி என்று உருவம்தான் மாறும். வாக்குறுதி மாறாது.

இந்தக் கதைக்கு வயது அதிகம். 1930களில் கனடாவைச் சேர்ந்த சார்லஸ் நெல்சன் போக் என்பவரின் கார்புரேட்டர், காலனுக்கு 200 மைல் தரும் என்று பேசப்பட்டது. காப்புரிமை கிடைத்தது, அப்படி ஓடும் கார்தான் கடைசிவரை கடைக்கு வரவில்லை. 1996இல் தமிழ்நாடே மூலிகை பெட்ரோல் பற்றிப் பேசியது. தண்ணீரும் இலையும் பெட்ரோல் ஆகிவிடுமாம்! தண்ணீர் என்பதே ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா?

அப்படியானால் எரிபொருள் கருவி எல்லாமே ஏமாற்றா? இல்லை. அதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. அப்போது டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மதுரை நிறுவனம் 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்' என்ற கருவியைத் தயாரித்தது. அடுப்பு மாதிரி ஒரு கலத்தில் மரக்கரியை அளவான காற்றில் கனல விட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டு வண்டியை ஓட்டினார்கள். அதிசயம் எதுவும் இல்லை, பெட்ரோலுக்குப் பதில் கரி எரிந்தது, அவ்வளவுதான்.

அதற்கு விலையும் இருந்தது. எஞ்சினின் சக்தி கணிசமாகக் குறைந்தது. கிளம்பும் முன் கரியை மூட்டிக் காத்திருக்க வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும், வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். வாயுவோ விஷம். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் கரி வாயு பஸ்கள் மறைந்துவிட்டன.

இன்றைய காந்தமும் மாத்திரையும் எந்த விலையும் சொல்வதில்லை. "பெட்ரோல் முழுதாக எரியும்" என்பதுதான் அவற்றின் வாதம். ஆனால் நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் எரியாமல் போகும் பெட்ரோல் நூற்றில் ஓரிரு பங்குதான். பெரும் இழப்பு ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் வெப்பமாகப் போவது. குழாய்க்கு வெளியே ஒட்டிய காந்தம் அதை என்ன செய்யும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய கருவிகளைச் சோதித்தது. பெரும்பாலானவற்றால் ஒரு பயனும் இல்லை. கொஞ்சம் மைலேஜ் கூட்டிய சிலவற்றில், புகையில் நச்சு கூடியது.

"மாட்டினேன், மைலேஜ் கூடியதே!" என்பவர் பொய் சொல்லவில்லை. காசு கொடுத்தவர் ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருகுவார், டயரில் காற்றும் பார்ப்பார். தவிர, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் வண்டிக்கு இரண்டு நாள் ஒரே மைலேஜ் வராது. 2022 இறுதியில் பழுதுபார்க்க மூடிய காவிரிப் பாலம் 2023 மார்ச்சில் திறந்தது. திறந்த வாரத்தில் யாராவது ஒரு காந்தம் மாட்டியிருந்தால், சுற்றுப்பாதை நீங்கி மிச்சமான பெட்ரோலுக்கும் காந்தமே பேர் வாங்கியிருக்கும்!

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது இப்படி ஒரு கருவியை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதனால் எனக்கு என்ன குறையும்?" கரி வாயு பஸ்ஸின் டிரைவர் அதற்குப் பெரிய பட்டியலே சொல்லியிருப்பார். "ஒன்றுமே குறையாது" என்று பதில் வந்தால், குறையப்போவது உங்கள் பர்ஸ்தான்.