களவு என்னும் சொல்லும் சட்டமும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், ஈஜிபுராவில் ஒரு பலசரக்குக் கடை வாயிலில் கூட்டம் கூடியிருந்தது. கட்டட வேலைக்காக இங்கு வந்துள்ள நம் நாட்டு முதியவர் ஒருவர், தெருவுக்கு ஓடிய பேரனைப் பிடிக்கும் பதற்றத்தில், கையில் எடுத்த சோப்புக்கட்டியுடனேயே வெளியே வந்துவிட்டார். “கள்ள, கள்ள” என்று கூவினர். கன்னடம் அறியாத அவருக்கும் அச்சொல் விளங்கிவிட்டது. நம் ‘கள்வன்’ என்பதும் அதே வேரில் முளைத்ததன்றோ! விலையைக் கொடுத்து மீண்டார். ஆயினும் தலை நிமிரவில்லை. இச்சொல்லைச் சட்டம் எவ்வாறு அளந்து வந்துள்ளது என்று அறிய அன்றே விழைந்தேன்.

கள்வன் என்ற ஒரு சொல்லை நம்பி, தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதையைச் சிலப்பதிகாரம் கூறும். அது காவியம். வரலாற்றிலோ, இங்கிலாந்தில் 1699-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளை மறைவாகத் திருடியவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கலாம். நெஞ்சில் ஈரமுள்ள ஜூரிகள், திருடிய பொருளின் விலையை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டுப் பல உயிர்களைக் காத்தனர். சர் சாமுவேல் ராமிலி போன்றோர் இக்கொடுமையை எதிர்த்து வாதாடினர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தண்டனை ஒழிந்தது.

நம் நாட்டுக்கு மெக்காலே தலைமையில் 1837-இல் வரையப்பெற்ற தண்டனைச் சட்டம், 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைத்திருட்டு என்று தனிக்குற்றம் அதில் இல்லை. 378-ஆம் பிரிவு திருட்டுக்கு ஐந்து கூறுகளை வகுத்தது: பொருள் அசையக்கூடியதாதல் வேண்டும், பிறர் வசம் இருத்தல் வேண்டும், அவர் சம்மதம் இல்லாதிருத்தல் வேண்டும், அதனை நகர்த்துதல் வேண்டும், இவற்றுக்கெல்லாம் உயிராக, நேர்மையற்ற எண்ணம் இருத்தல் வேண்டும்.

இதில் இரு நுட்பங்கள் உள. களவு என்றால் மறைவு என்பது நம் வழக்கு. சட்டமோ, பட்டப்பகலில் பலர் காண எடுத்தாலும் திருட்டே என்கிறது. மேலும், கடை வாயிலைத் தாண்டவேண்டும் என்பதில்லை. தீய எண்ணத்துடன் பொருளை நகர்த்தினாலே குற்றம் முற்றுப்பெறும். அவ்வெண்ணம் இல்லையேல், வாயிலைத் தாண்டினாலும் திருட்டாகாது. மறதி வேறு, திருட்டு வேறு.

சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்த அச்சட்டம், எசமானின் பொருளைத் திருடும் குமாஸ்தாவுக்கு ஏழாண்டு வரை விதித்தது. நம்பிக்கைக்குத் துரோகம் செய்தவனுக்குத் தண்டனை மிகுதி என்பது குமாஸ்தாவாகிய எனக்கும் நியாயமாகவே பட்டது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 303-ஆம் பிரிவிலும் அவ்வைந்து கூறுகளே நிற்கின்றன. புதியதொரு கருணையும் சேர்ந்துள்ளது: 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், சிறைக்கு மாறாகச் சமூக சேவையே தண்டனையாகும்.

தூக்குமேடையிலிருந்து சமூக சேவை வரை சட்டம் நடந்து வந்த தொலைவு இது. நாமோ ஒரு நொடியில் ஒருவரைக் கள்வர் என்று கூறிவிடுகிறோம். அன்பர்களே! மொழி தெரியாமல் திகைத்து நிற்கும் ஒருவரைக் காணும்போது, கூட்டத்தோடு கூவாது அருகில் சென்று, “என்ன நடந்தது, ஐயா?” என்று கேளுங்கள். கோவலனுக்குக் கிட்டாத அந்த ஒரு கேள்வி அவருக்கேனும் கிட்டட்டும்.